பச்சை அடித்த மைதானம்

எங்கள் கால்பந்து கிளப்பை ஒருவர் வந்து தூக்கி நிறுத்திவிட்டார் என்று பாலக்காட்டில் எங்கே போனாலும் பேச்சு. டீக்கடையில் பேசுகிறார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் பேசுகிறார்கள். நான் அங்கே வேலை பார்த்தவன் என்று தெரிந்துவிட்டால் போதும், கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். அந்தக் கையை நான் அப்புறம் வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன். கிளப் நிமிர்ந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. எதை மிதித்துக்கொண்டு நிமிர்ந்தது என்று எனக்குத் தெரியும். மிதித்த கால்களில் ஒன்று என்னுடையது.

நான் பந்தாட்டக்காரன் இல்லை. பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, இன்னும் கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும் என்கிற இடத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உண்டு. முன்பு கிளப்பை நடத்தியவர்கள் மைதானத்துக்கு எங்கிருந்தோ புல்லைப் பாய் பாயாகச் சுருட்டி லாரியில் கொண்டுவந்தார்கள். ஒரே கோடையில் அது கருகிப்போனது. சாணி எரு கொடுக்கப் போன நான் குனிந்து பார்த்தேன். பெரிய பெயரெல்லாம் சொல்லி வாங்கியிருந்தார்கள். எங்கள் வரப்பில் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாலும் சாகாத அருகம்புல்லின் சொந்தக்காரப் புல்தான் அது. "இதையா காசு குடுத்து வாங்குனீங்க?" என்று சிரித்துவிட்டேன். சிரித்த வாய்க்கு அவர்கள் வேலை கொடுத்துவிட்டார்கள். வண்டல் போட்டு, எரு போட்டு, காலையிலும் மாலையிலும் தண்ணீர் காட்டி அதைப் பிழைக்க வைத்தேன். அன்று முதல் மைதானம் என் பொறுப்பு. தோப்பைத் தம்பி பார்த்துக்கொண்டான்.

அந்தப் பழைய ஆட்கள் ஒருநாள் கேட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்கள்தான், திரும்ப வரவில்லை. ஆட்டக்காரர்கள் மூட்டையைக் கட்டினார்கள். நான் மட்டும் சுவர் ஏறிக் குதித்துப் போய்த் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் என்னைப் பைத்தியம் என்றார்கள். பிறகு இடத்துக்காரர்கள் மைதானத்தைப் பொருட்காட்சிக்கு வாடகைக்கு விட்டார்கள். வடக்குப் பக்க கோல் இருக்கிற இடத்தில் ராட்சத ராட்டினத்தை நட்டார்கள். ஜல்லி கொட்டினார்கள், லாரி ஏற்றினார்கள், டீசலை ஊற்றினார்கள். அவர்கள் போன பிறகு மண்வெட்டியால் கொத்திப் பார்த்தேன். டங் என்று சத்தம் வந்தது. அந்தப் பக்கம் மண்ணே செத்துப்போயிருந்தது.

அப்படிக் கிடந்த கிளப்பைத்தான் இடுக்கி மலையில் இருக்கிற கம்பம்மெட்டிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி வாங்கினார். மூன்று கார்களில் வந்து இறங்கினார்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் கட்டடத்தைப் பார்த்தார்கள். அவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தார். குனிந்து ஒரு கிள்ளு புல்லைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டி மோந்து பார்த்தார். ஏலக்காயைக் கையில் வாங்கினால் அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். எனக்கு மனசு நிறைந்துபோனது. மண்ணைத் தெரிந்தவர் ஒருவர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். என்னுடைய முட்டாள்தனத்துக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

வடக்குப் பக்கம் போனதும் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"என்னண்ணே, இங்கிட்டு மண்ணு செத்துக் கெடக்கு?"

ராட்டினக் கதையைச் சொன்னேன்.

"சரி பண்ண எம்புட்டு நாளாகும்?"

"ஒரு அடி மண்ண வெட்டி எடுத்துப் போடோணுமுங்க. வண்டல் அடிச்சு, புல்லு நட்டு, ஒரு கால் படாம எட்டு வாரம் உட்டுப்போடோணும். அப்பத்தான் வேர் புடிக்குமுங்க."

"செஞ்சிருங்க" என்றார். பிறகு கூட வந்தவர்களைக் கூப்பிட்டு என் தோளில் கையைப் போட்டு, "இவர்தான்யா நம்ம கிரவுண்டு எஞ்சினியர்" என்றார். வீட்டில் போய் இதைச் சொன்னேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "எந்தக் காலேஜுன்னு கேக்கலீங்களா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பட்டம் எனக்கு அவ்வளவு இனித்திருந்தது.

அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். புதுப் பயிற்சியாளர் வந்தார். ஆட்டக்காரர்களுக்குத் தங்க இடம், முட்டை, பால், மாதம் பிறந்தால் சம்பளம். மஞ்சளாக இருந்த சட்டையை ஏலக்காய்ப் பச்சைக்கு மாற்றினார். செண்டை மேளத்துக்கு ஆள் பிடித்தார். கல்பாத்தியிலிருந்து ஒருவரை மேனேஜராக வைத்தார். வெளியூரில் பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர், டிவிக்காரர்களிடம் பேசுவது, படம் பிடித்துப் போடுவது எல்லாம் அவர் வேலை. முதலாளி வாரத்துக்கு ஒருமுறை மலையிலிருந்து இறங்கிவந்து, பயிற்சி முடிந்து வரிசையாக நிற்கிற ஆட்டக்காரர்களின் தொடையையும் கெண்டைக்காலையும் தட்டிப் பார்ப்பார். "இவன் எட்டு எம்எம். இவன் ஏழு. இவன சல்லடையில போட்டா கீழ விழுந்துருவான்" என்பார். ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கிற கணக்கு அது. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவர் எட்டு எம்எம் என்று சொன்னவர்களில் ஒருவர் சாந்தன்பாறைக்காரர். கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவர், இங்கே ஸ்டாப்பர் என்பார்கள். அப்பாவும் அம்மாவும் ஏலத்தோட்டத்தில் கூலி. முப்பதைத் தாண்டியவர். வலது முட்டியை ஏற்கெனவே ஒருமுறை அறுத்துத் தைத்திருந்தார்கள். இன்னொரு தடவை திரும்பினால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். இந்த ஒரு சீசனை முட்டி நோகாமல் ஆடி முடிக்க வேண்டும், அதைக் காட்டி இன்னொரு வருடம் ஒப்பந்தம் வாங்க வேண்டும், அந்த வருடத்துக்குள் பயிற்சியாளர் படிப்பை முடித்துவிட வேண்டும். இவ்வளவுதான் அவருடைய திட்டம். என்னிடம் சொல்லியிருக்கிறார், மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து முட்டியில் துணி சுற்றிக்கொண்டே.

தினமும் காலையில் பயிற்சியாளரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வருவார். "அண்ணே, இன்னைக்கு எங்கிட்டு ஈரம்? எங்கிட்டு இறுகிக் கெடக்கு?" என்று கேட்பார். நான் சொல்வேன். நான் சொன்ன இடத்தில் பார்த்துக் காலை வைப்பார். என் பேச்சுக்கு அப்படி ஒரு மரியாதையை அதுவரை யாரும் கொடுத்ததில்லை, என் வீட்டில் உட்பட.

வடக்குப் பக்கத்தை வெட்டி, வண்டல் அடித்து, புல் நட்டேன். கயிறு கட்டி யாரையும் மிதிக்க விடவில்லை. நாலு வாரம்தான் ஆகியிருக்கும். அந்த வருடம் வாளையார்ப் பக்கமிருந்து வீசுகிற மலைக்காற்று முன்னாலேயே கிளம்பிவிட்டது. பாலக்காட்டுக்காரர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துணியையும் உதட்டையும் ஒரே மாதிரி காய வைக்கும். நட்ட புல்லில் பாதி சுருண்டது, அடித்த வண்டலும் காய்ந்து கல்லாக இறுகிவிட்டது. அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்து, முதல் ஆட்டம் டிவியில் வருகிறது, தேதியை முன்னால் கொண்டுவந்தாயிற்று, பத்து நாளில் மைதானம் வேண்டும் என்றார்.

"ஆகாதுங்க" என்றேன்.

"ஆகணுமாக்கும். தேதி கொடுத்தாச்சு, கேட்டேளா. இனி மாத்தப்டாது."

முதலாளி வந்து பார்த்தார். கோல் முன்னால் மொட்டைத் தரை, ஓரங்களில் பழுத்த புல். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. நாலடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கலர் போட்ருவோம்ணே" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே விளக்கினார். மழையில் நனைந்து காய் வெளுத்துப்போனால் அதை வாங்க ஆள் கிடையாது. அதற்குப் பச்சைக் கலர் அடித்துக் காய வைத்தால் பறித்த அன்றைய காய் மாதிரி இருக்கும். "தப்புத்தான். பிடிச்சா அபராதம். எவன் போடாம இருக்கான்? கண்ணு பாத்துத்தான காய வாங்குறாய்ங்க." எங்கள் பக்கத்தில் ஒருவன் கருகின நாற்றுக்குச் சாயம் அடித்தால் ஊரே காறித் துப்பும். அவர் அதைத் தொழில் நுணுக்கமாக, எனக்குப் பெரிய மனசோடு சொல்லித்தருகிற மாதிரி சொன்னார்.

"புல்லு மேல கலரு நிக்குமுங்க. மொட்டத் தரையில எப்படீங்க நிக்கும்?"

"பசையக் கலந்தா நிக்கும்ணே. ஆள அனுப்புறேன். பதினஞ்சு வருசமா இதே வேலை பாக்குறவன்."

"ஆட்டக்காரங்க மிதிக்கிற எடமுங்களே."

அவர் என் தோளில் கையைப் போட்டார். "இந்த ஒரு மேட்சுண்ணே. சீசன் முடியட்டும், எட்டு வாரம் என்ன எட்டு வாரம், பத்து வாரம் பூட்டிப்போடுங்க. புது மண்ணு, புதுக் குழாயி, என்ன கேட்டாலும் செஞ்சுதாரேன். சாவி உங்க கையில."

சரி என்று தலையாட்டினேன். புல்லைக் காப்பாற்றத்தான் ஒத்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு அந்தத் தோளில் கிடந்த கையும் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒண்ணும் பிரஷ்னமில்லை. டிவில பாக்கறவாளுக்குப் பச்சையாத் தெரிஞ்சாப் போறும். பிளேயர்ஸ்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்கோ. மனசுல பயம் கேறித்துன்னா ஆட மாட்டா." மறுநாளிலிருந்து ஆட்டம் வரை பயிற்சியை வேறு மைதானத்துக்கு மாற்றிவிட்டார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம், ஆட்டக்காரர்கள் தங்கும் விடுதியில் இருக்கும்போது, சாயம் வந்தது. இரண்டு நீல டிரம். கூடவே மலையிலிருந்து அந்த ஆள். தென்னைக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரை நான்தான் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன். அவர் சாயத்தையும் பசையையும் ஊற்ற, நான் கழியால் கலக்கினேன். கெட்டுப்போன வெல்லப்பாகு மாதிரி ஒரு வாடை வந்தது. அடிக்க அடிக்கச் செத்த மண் பச்சையாகிக்கொண்டே போனது. அப்படி ஒரு பச்சையை எந்தப் புல்லும் பிறந்ததிலிருந்து பார்த்திருக்காது. ஒரு காக்கை வந்து உட்கார்ந்துவிட்டுப் பச்சைக் காலோடு பறந்தது. மலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

காய்ந்த பிறகு போய்த் தொட்டுப் பார்த்தேன். மேலே ஒரு தோல் கட்டியிருந்தது. விரலை நனைத்துத் தடவினேன். தலைக்குத் தேய்க்கக் குழைத்த அரப்பு மாதிரி வழுக்கியது. கீழே கல் மாதிரித் தரை, மேலே வழுக்குகிற தோல். என்ன நடக்கும் என்பதைச் சொல்ல எஞ்சினியர் படிப்பு ஒன்றும் தேவையில்லை.

வீட்டில் என் மனைவி என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். சொன்னேன். அவள் சோப்பை எடுத்துவந்து கொடுத்தாள். பிறகு, "ஏனுங்க, அந்தச் சாந்தன்பாறைத் தம்பிகிட்டயாவது ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க" என்றாள். "எனக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் தெரியோணுமா?" என்று எரிந்து விழுந்தேன். சொல்லத்தான் நினைத்திருந்தேன். சத்தியமாக.

மறுநாள் காலையில் நான் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது சாந்தன்பாறைக்காரர் வந்தார். கையில் ஒரு பந்து இருந்தது. கேமராக்காரர்கள் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் பத்தடி தள்ளிப் போனில் பேசிக்கொண்டு நின்றார், பார்வை எங்கள் மேல் இருந்தது.

"அண்ணே, வடக்குப் பக்கம் புல்லு புடிச்சிருச்சா?"

"புடிச்சிருச்சுங்க தம்பி. தைரியமா ஆடுங்க" என்றேன்.

தைரியமாக ஆடுங்கள் என்று சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அதை நானாகவே சேர்த்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஆட்டம். உட்கார இடமில்லாமல் படியெல்லாம் ஆள். முதல் பாதியில் எங்கள் அணி காத்தது தெற்கு கோலை. எங்கள் ஆட்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். செண்டைக்காரர்களின் கை ஓயவே இல்லை. நான் அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளியும் சேராமல் வடக்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணிக்காரர்கள் அங்கே இரண்டு தடவை சறுக்கினார்கள், எழுந்துகொண்டார்கள். தண்ணீர் படாதவரை பயமில்லை என்று கணக்குப் போட்டேன்.

இடைவேளையில் வழக்கம்போலப் பந்து ஓடுவதற்காகத் தரையை நனைக்க வேண்டும். குழாயைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் தண்ணீர் காட்டினேன். வடக்கு கோல் முன்னால் மட்டும் குழாயைத் திருப்பிக்கொண்டேன். உடனே மேனேஜர் ஓடிவந்தார்.

"அங்கயும் கொஞ்சம் காட்டுங்கோ. டிவில அந்த இடம் மட்டும் வேற நிறமாத் தெரியறது."

நான் குழாயை அங்கே திருப்பினேன். கை என்னுடையதுதான்.

இரண்டாம் பாதியில் எங்கள் அணிக்கு வடக்கு கோல். கொஞ்ச நேரம் பந்து அந்தப் பக்கமே வரவில்லை. அப்புறம் எதிரணிக்காரர் ஒருவர் பந்தை உயர்த்தி உள்ளே அனுப்பினார். சாந்தன்பாறைக்காரர் பின்னால் திரும்பி ஓடி வலது காலை ஊன்றினார். கால் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் ஒரு கெட்டி விளிம்பில் மாட்டி நின்றது, உடம்பு அதைத் தாண்டிச் சுற்றியது. விழுந்தவர் கத்தவில்லை. உள்ளங்கையால் தரையைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். பந்தை இன்னொருவர் வெளியே உதைத்துவிட்டார். கோல் தப்பியது என்று கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மேளம் நிற்கவில்லை.

ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். இடுப்பிலிருந்து பாதம் வரை அவர் பச்சையாக இருந்தார். முழங்கையால் முகத்தை மூடியிருந்தார். முட்டியில் தோல் உரிந்து சதை தெரிந்தது, சதைக்குள் சாயம் போயிருந்தது. பிசியோக்காரர் பஞ்சால் துடைத்தார். பஞ்சு பச்சையானது. இன்னொரு பஞ்சு எடுத்தார், அதுவும் பச்சையானது. ரத்தமும் சாயமும் கலந்து ஒரு நிறம் வந்தது, அதற்கு என்னிடம் பெயர் இல்லை. நான் குழாய் வைக்கிற அறைக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து கையில் ஒட்டின பச்சையைக் கழுவினேன். எழுந்து பார்த்தால் கூட்டம் பாட ஆரம்பித்திருந்தது. ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டோம்.

முதலாளி மைதானத்தில் இறங்கி ஆடினார். என்னைத் தேடிவந்து கையைப் பிடித்தார். "எஞ்சினியரு, டிவில பாத்தீகளா? வெளிநாட்டுக் கிரவுண்டு மாதிரியில்ல இருந்துச்சு!" அடிபட்டவரைப் பற்றிச் சொன்னேன். முகம் வாடியது. தன்னுடைய காரிலேயே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். ஆபரேஷன் செலவும் அவருடையதுதான். அவரை முழு அயோக்கியன் என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் பச்சை முட்டியை மட்டும் பெரிதாக எடுத்த ஒரு படத்தை மேனேஜர் கிளப்பின் இணையப் பக்கத்தில் போட்டார். 'நம் மண்ணுக்காக' என்று மேலே ஒரு வரி. லட்சக்கணக்கில் ஆட்கள் அதற்கு இதயம் போட்டார்கள், அழுகிற பொம்மை போட்டார்கள். மண்ணில் இல்லாததை மேலே பூசி, அது அவர் காலில் ஒட்டி, அதைப் படம் பிடித்து, அதற்கு மண் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு ரசிகர்கள் வலது முட்டியில் பச்சை பூசிக்கொண்டு வந்தார்கள். பேங்கில் வேலை பார்க்கிறவர்கள் பேண்டை ஒரு பக்கம் மட்டும் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்தார்கள். அம்மாக்கள் கைக்குழந்தையின் முட்டியில் பூசித் தூக்கிக் காட்டினார்கள். கேட்டுக்கு வெளியே ஒருவன் பச்சைச் சாயத்தைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு முட்டிக்கு முட்டி பூசி விற்றான். இப்போது அது கிளப்பின் வழக்கமாகிவிட்டது. அத்தனை ஆயிரம் பச்சை முட்டிகளுக்கு நடுவில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு மனிதர்கள் மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

சீசன் முடிந்ததும் முதலாளி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். பத்து வாரம் பூட்டினோம். புது மண், புதுக் குழாய். வடக்கு கோல் முன்னால்தான் இப்போது மைதானத்திலேயே அடர்த்தியான புல். அது பிடித்த பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பெரிய தியாகம் ஒன்றும் கிடையாது. தம்பிக்கு இடுப்புவலி, தோப்புக்கு ஆள் தேவைப்பட்டது.

சாந்தன்பாறைக்குப் போக அதற்கப்புறமும் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். ஒருநாள் என் மனைவி பத்துத் தேங்காயை உரித்துப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். விடிகாலையில் கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு, பூப்பாறை என்று பஸ் மாறி மாறிப் போனேன். வழி முழுக்க என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தரை சரியில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தே பொய் சொன்னேன், தண்ணீரும் நான்தான் விட்டேன். மூன்றே விஷயம்.

தோட்டத்து லயத்தில், வரிசையாக இருக்கிற வீடுகளில் கடைசி வீடு. அவர் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாம், கிளப் முதலாளியே தெரிந்தவர்களிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தாராம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவருடைய அம்மா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே மூன்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்ணே" என்றார். "அன்னைக்கிக் காலையில உங்ககிட்ட வரதுக்கு முன்னாடியே வடக்குப் பக்கம் போயி பந்தத் தட்டிப் பாத்தேன். நெஞ்சு ஒசரத்துக்குக் குதிச்சுச்சு. கட்டாந்தரைன்னு தெரியாதா? சின்ன வயசுலருந்து ஆடுறேன்."

கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தேன். "அப்புறம் எதுக்குங்க தம்பி எங்கிட்ட வந்து கேட்டீங்க?"

"நானாப் போயி தரை சரியில்லன்னு சொன்னா என்ன சொல்லுவாய்ங்க? முட்டி போனவன் பயப்படுறான்ம்பாய்ங்க. வயசாயிருச்சு, அடுத்த வருசம் வேணாம்னு கழிச்சு விட்ருவாய்ங்க. கிரவுண்டு பாக்குறவரு சொன்னா அது வேற பேச்சு. உங்க வாயால ஒரு வார்த்த வந்துச்சுன்னா, அண்ணனே சொல்லிட்டாரு, இன்னைக்கு நான் எறங்கலன்னு சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குத்தாண்ணே கேட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பழைய ஆட்டத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று விளக்குகிற மாதிரி சொன்னார். நான் அவரை ஏமாற்றிவிட்டதாகத்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் பொய்யை அவர் ஒரு நொடிகூட நம்பியிருக்கவில்லை. நம்பாமலேயே, வேறு வழியில்லாமல், இறங்கியிருக்கிறார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ முனகினேன். அவர் முட்டியைத் தடவிக்கொண்டு, "மணி ரெண்டாச்சு. சாப்புட்டுப் போங்கண்ணே" என்றார்.

அவருடைய அம்மா தட்டு வைத்துச் சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். விடிகாலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் சொன்னது காதில் இருக்கும்போதே சோற்றைப் பிசைந்தேன். தொண்டையில் இறங்காது என்றுதான் நினைத்தேன். இறங்கியது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுங்கள் என்று நானாகக் கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன்.